ஒன்பது ஊருக்கும் ஒரே எண்

சரவணன் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவன். இப்போது சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் போனில் பேசும்போது பெருமையாகச் சொன்னான்: அவன் ஒரு பொத்தானைத் தட்டினால் பல ஊர்களில் இருக்கும் அவர்களுடைய கம்ப்யூட்டர்களில் எல்லாம் புது புரோகிராம் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடுமாம்.

"உங்க காலத்துல எப்படி சார் அனுப்புவீங்க?" என்று கேட்டான்.

"பஸ்ல" என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். நான் ஜோக் அடிக்கிறவன்தான். ஆனால் அது ஜோக் இல்லை. "அப்ப அத எழுதுங்க சார்" என்றான். எழுத உட்கார்ந்துவிட்டேன். இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றும் வரும். "ஒன்னே ஒன்னுதானா?" என்று என் மனைவி கேட்கிறாள். எழுதத் தகுந்தது ஒன்று.

கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். முதல் ஐந்து மாதம் கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்தோம். ஆறாவது மாதம் செருப்பை வெளியே விடச் சொல்லி நேரில் காட்டினார்கள். என் படிப்பு அவ்வளவுதான். அதை நம்பி எண்பதுகளின் பின்பாதியில் ஒரு சர்க்கரை ஆலை எனக்கு வேலை கொடுத்தது. ஆலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வம்பு எதற்கு. அதன் கம்ப்யூட்டர் பிரிவு விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. ரயில் போகும்போது திரை நடுங்கும். முதல் வாரம் முழுக்க நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரும்பு போட்டவர் நினைத்த நாளில் வெட்டிவிட முடியாது. ஆலை எந்த நாளுக்கு வெட்டு உத்தரவு தருகிறதோ அன்றைக்குத்தான் வெட்டலாம். முந்தினால் சர்க்கரை ஏறியிருக்காது. பிந்தினால் கரும்பு பூ வைத்துவிடும், உள்ளே பஞ்சு மாதிரி நெட்டி விழுந்து சாறு வற்றிவிடும். அப்படிப்பட்ட கரும்பை ஆலை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். யாருக்கு எந்த நாள் என்று வரிசை போடுவதுதான் எங்கள் புரோகிராமின் வேலை. கோலியனூர், பனமலை, மயிலம், திண்டிவனம் என்று ஒன்பது ஊர்களில் ஆலைக்குக் கோட்ட அலுவலகங்கள் இருந்தன. அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்ட ஒரு எழுத்தர்.

ஆரம்பத்தில் புரோகிராமை எழுதிய வடிவத்திலேயே ஒன்பது ஊருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எழுதிய வடிவம் என்றால் யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். திருத்தினார்கள். கோலியனூர் எழுத்தர் பட்டியலின் தலைப்பில் ஆங்கில எழுத்தில் 'முருகன் துணை' என்று சேர்த்தார். பனமலைக்காரர் தமக்குப் பிடிக்காத ஒரு கேள்வியை அடியோடு எடுத்துவிட்டார். ஒரு வருடத்தில் ஒன்பது ஊரில் ஒன்பது புரோகிராம் ஓடியது.

அதற்கு முடிவு கட்டியவர் எங்கள் மேனேஜர் வேதாசலம் சார். "இனிமே அரிசியும் அடுப்பும் குடுக்க வேணாம். இங்கயே சமைச்சு, சோறா அனுப்புவோம்" என்றார். அதாவது விழுப்புரத்திலேயே கம்பைல் செய்துவிடுவது. அப்படிச் செய்துவிட்டால் புரோகிராம் கம்ப்யூட்டருக்கு மட்டுமே புரியும் கோப்பாகிவிடும். முருகனே நினைத்தாலும் உள்ளே ஒரு வரி சேர்க்க முடியாது.

வேதாசலம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தைப் பெருக்குகிற அம்மாவிலிருந்து ஆலை முதலாளி வரை எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்துவிட்டால் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். "இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க, நானும் கத்துக்கறேன்" என்பார். நாம் அவர் கண் முன்னால் அந்தத் தப்பை முதலிலிருந்து மறுபடியும் செய்து காட்ட வேண்டும். பாதியில் நமக்கே தெரிந்துவிடும். தெரிந்தாலும் விடமாட்டார், முழுக்கச் செய்ய வைப்பார். நாலு அறை அறைந்தால் தேவலை என்று தோன்றும்.

புது புரோகிராம் அனுப்பும் நாள் எங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. காலையில் கம்பைல் முடிந்ததும் ஒன்பது ஃபிளாப்பிகளில் நகல் எடுப்போம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஃபிளாப்பி என்பது உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய கறுப்புச் சதுரம். நடுவில் ஒரு ஓட்டை, அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாகத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். அதில் விரல் பட்டாலே வம்பு. ஒவ்வொரு ஃபிளாப்பியையும் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, மஞ்சள் பையில் வைத்துப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோவேன். கண்டக்டரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்பது சாரின் கட்டளை. இன்ஜின் மேல் வைக்கக் கூடாது, சூட்டில் வளைந்துவிடும். பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கக் கூடாது, அதிலிருக்கும் காந்தம் எழுதியதை அழித்துவிடும். யாரும் மேலே உட்காரக் கூடாது.

"இன்ஜின் மேல வேணாம், ஸ்பீக்கராண்ட வேணாம். அப்ப என் மடியிலதான் வச்சிக்கினு போவணும்" என்பார் மயிலம் பஸ் கண்டக்டர். உண்மையிலேயே மடியில் வைத்துக்கொண்டு போனவரும் உண்டு.

திண்டிவனத்துக்கு மட்டும் ராஜ மரியாதை. அங்கிருந்த கம்ப்யூட்டரையும் எங்களுடையதையும் போன் கம்பி வழியாகப் பேசவைக்கும் பெட்டி ஒன்றை ஆலை வாங்கியிருந்தது. கோப்பு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் திண்டிவனத்தில் யாரும் போனைத் தொடக் கூடாது. ஆனால் அதே கம்பியில் கரும்பு அதிகாரியின் அறையிலும் ஒரு போன் இருந்தது. முக்கால்வாசி போயிருக்கும். அவர் போனை எடுத்து "அலோ, இன்னாய்யா சத்தம், தவளை கத்துற மாதிரி" என்பார். அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு தடவை காலையில் அனுப்ப ஆரம்பித்த கோப்பைச் சாயங்காலப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ்தான் முந்தியது. அதற்குப் பிறகு திண்டிவனத்துக்கும் ஃபிளாப்பிதான்.

எப்படிப் போனாலும் கடைசியில் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் சின்ன புரோகிராம் ஒன்று கூடவே போகும். அது வந்து சேர்ந்த கோப்பு முழுவதையும் எண்களாகப் படித்துக் கூட்டிக் கழித்து, ஐந்து இலக்கத்தில் ஓர் எண்ணைத் திரையில் காட்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். எழுத்தர் அந்த எண்ணை எங்களுக்குப் போனில் சொல்ல வேண்டும். சரியான எண் சாரின் நோட்டில் இருக்கும், நோட்டு அவர் மேஜை இழுப்பறையில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த ஊரில் புது புரோகிராம் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த எண்ணை வெளியே சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கையே போட்டிருந்தார். ஏன் என்று போடவில்லை.

நான் அதைச் சாரின் வீண் பிடிவாதம் என்று நினைத்தேன். அந்தக் காலத்துப் போனில் 'ஏழு' என்றால் 'ஆறா?' என்று கேட்க வேண்டியிருக்கும். ஒன்பது ஊரிலும் எண்ணை வாங்கி முடிப்பதற்குள் இரண்டு நாள் ஆகிவிடும். ஒரு வருடம் புரட்டாசியில் ஒரு முக்கியமான மாற்றம் அனுப்பினோம். என் மூளை வேலை செய்தது. ஒன்பது உறைக்குள்ளும் ஒரு சீட்டு வைத்தேன். 'திரையில் வர வேண்டிய எண் இது' என்று எழுதி, சாரின் நோட்டில் பார்த்த எண்ணையும் எழுதி, அடியில் கோடும் போட்டேன். பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்கள், தடுமாற மாட்டார்கள் என்பது என் கணக்கு.

பலன் அற்புதமாக இருந்தது. பஸ்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் மதியத்துக்குள் ஒன்பது ஊரும் பேசிவிட்டார்கள். ஒருவர்கூட ஒரு இலக்கம் தவறவில்லை.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்று சார் கேட்டார்.

"ஆளுங்க நல்லா பழகிட்டாங்க சார்" என்றேன். அன்றைக்கு எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த மாற்றம் மறுதாம்புக் கரும்புக்காக. நட்ட கரும்பை வெட்டிய பிறகு அதே கட்டையிலிருந்து மறுபடியும் முளைத்து வருவதுதான் மறுதாம்பு. அது நட்ட கரும்பை விடச் சீக்கிரம் முற்றும். பழைய புரோகிராமுக்கு அது தெரியாது. நட்ட கரும்பை எல்லாம் வெட்டித் தீர்த்த பிறகுதான் மறுதாம்பு என்று வரிசை போடும். புதியது மறுதாம்பை முன்னால் கொண்டுவரும்.

தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மாடியேறி வந்தார். தோளில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கரும்பு, உச்சியில் வெள்ளைப் பூ. நேராக வந்து என் மேஜையில் கிடத்தினார். பூ கம்ப்யூட்டரைத் தொட்டது.

"நீதான் கம்பூட்டரா?" என்றார்.

"அத ஓட்டுற ஆளும்மா. நீங்க?"

"மயிலத்தாண்ட எங்க ஊரு. பேரு பச்சையம்மா. ஒன்றர காணி மறுதாம்பு. மார்கழியில வெட்டியிருக்கணும். பூ வச்சி நிக்குது. உங்க ஆபீசுல கேட்டா, மாசில வா, கம்பூட்டர் அப்படித்தான் சொல்லுதுன்றாங்கோ. அதான் கம்பூட்டரையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கேட்டிருக்க வேண்டும். நான் பாடம் எடுத்தேன். "இல்லம்மா, இந்த வருஷம் மறுதாம்புக்கு முன்னாடியே நாள் குடுக்குறோம். ஒன்பது ஊருலயும் ஒரே புரோகிராம்தான். எண்ணு கூட சரி பார்த்தாச்சு. உங்க கரும்ப எழுதிக் குடுத்தவங்க நட்ட தேதிய மாத்திக் குடுத்திருப்பாங்க."

அவர் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து, நடுத்துண்டை என்னிடம் நீட்டினார். "கடி."

கடித்தேன். பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது.

"கெணத்துல தண்ணியும் இல்ல. ஒவ்வொரு நாளும் உச்சிலேர்ந்து கீழ எறங்கி வத்திக்கினே வருது. இன்னும் பத்து நாளு போனா அடுப்புக்குத்தான் ஆவும். உன் எண்ணு சரியா இருக்கட்டும்பா. எனக்கு இத வெட்டணும்."

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வேதாசலம் சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாவையும் உட்காரச் சொன்னார்.

"எண்ணை எப்படி வாங்குனீங்க, இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க. நானும் கத்துக்கறேன்" என்றார்.

செய்து காட்டினேன். உறை எடுத்தேன். ஃபிளாப்பியை வைத்தேன். சீட்டு எழுதினேன். எண்ணை எழுதினேன். அடியில் கோடு போடப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. கேள்வித்தாளோடு விடையையும் அனுப்பிவிட்டு, எல்லோரும் பாஸ் என்று ஸ்பெஷல் டீ குடித்தவன் நான்.

"கோடு போடுங்க" என்றார் சார். போட்டேன்.

மயிலத்துக்கு டிரங்க் கால் போடலாம் என்றேன். "போன்ல வேணாம். நீங்களே ஃபிளாப்பி எடுத்துக்கிட்டு அந்த அம்மாவோட கெளம்புங்க" என்றார்.

பஸ்ஸில் பச்சையம்மா ஒடித்த கரும்பையும் கையோடு எடுத்து வந்தார். "ஆபீசுல காட்டணும்" என்றார். நான் ஃபிளாப்பியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "இன்னாங்க, ரெண்டு பேரும் ஆளுக்கொரு கொழந்தைய தூக்கிக்கினு வர்றீங்க?" என்றார். பச்சையம்மா சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற நானும் சிரிக்கவில்லை. கூட்டேரிப்பட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, "உள்ளாற இருக்கறதுல என் பேரு இருக்குதா?" என்று ஃபிளாப்பியைக் காட்டிக் கேட்டார்.

"இல்லம்மா. பேர எப்படி வரிசையா வைக்கிறதுங்கறது மட்டும்தான் இருக்குது. பேரு அங்க இருக்குது."

"அப்ப கடைசியில வச்சதும் இதானா?"

"இதோட பழசு."

"பழச யாரு மாத்தாம உட்டது?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் தப்பித்தேன் என்று அப்போது நினைத்தேன்.

மயிலம் அலுவலகத்து எழுத்தர் ஏழுமலை என் வயதுக்காரன். இன்னும் நிரந்தரம் ஆகாதவன். என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்றான். கரும்பைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே பீரோவைத் திறந்து, செய்தித்தாளில் மடித்து வைத்திருந்த ஃபிளாப்பியை எடுத்துக் கொடுத்தான்.

புரட்டாசியில் அது வந்து சேர்ந்தது ஆயுத பூஜை அன்று காலை. கம்ப்யூட்டரைத் துடைத்து, மாலை போட்டு, பொரி கடலையெல்லாம் வைத்திருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து புதிதாக வந்த சாமானுக்கும் பொட்டு வைக்காவிட்டால் எப்படி? நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். நடுவில் ஒன்று பெரிதாக. பெரிய பொட்டு ஓட்டையையும் மூடி, கீழே இருந்த திறப்பிலும் வழிந்து காய்ந்திருந்தது.

"மறுநா போட்டா கர்ர்ருன்னுதுண்ணே. எண்ணையே காட்டல. தேங்கா எண்ண போட்டுத் தொடச்சுப் பாத்தேன்."

"எண்ணெயா?"

"அதுக்கப்புறம் கர்ருன்னு கூட சத்தம் வரல. சொன்னா வேல போயிடுமோன்னு பேஜாரா இருந்துது. அப்ப உள்ள உங்க சீட்டு இருந்துது. எண்ணு எழுதி, கோடு போட்டு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதையே படிச்சு சொல்லிட்டேன். புதுசு வந்தா பழச திருப்பி அனுப்பணுமே, அதுல ஒரு நகல் எடுத்துக்கினு உங்களுக்கு அனுப்பிட்டேன். அந்த நகல வச்சித்தான் ஓட்டிக்கினு இருந்தேன்."

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். திட்ட வேண்டிய ஆளில் பாதி நான்தான் என்பதால் மூடிக்கொண்டேன்.

கொண்டுபோன ஃபிளாப்பியைப் போட்டோம். எண் வந்தது. இந்த முறை அவனைப் படிக்கச் சொல்லி, என் சட்டைப் பையில் இருந்த தாளோடு நான் ஒப்பிட்டேன். புரோகிராமை ஓட்டினோம். பிரிண்டர் கரகரவென்று புது வரிசையை அடித்துத் தள்ளியது. பழைய பட்டியலில் ஏழாவது தாளின் அடியில் இருந்த பச்சையம்மாவின் பெயர் முதல் தாளில் மூன்றாவது வரியில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுல கேட்டேனே, பழச யாரு மாத்தாம உட்டதுன்னு."

ஏழுமலை என்னைப் பார்த்தான். "நான்தாம்மா" என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். கையமர்த்தினேன். பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். சீட்டு என் கையெழுத்து.

"சரி. வெட்டு ஆளு என்னிக்கு வருவாங்கோ, அத கேளு" என்றார்.

வேதாசலம் சார் அதற்குள் மயிலம் கரும்பு அதிகாரியிடம் பேசி, வேறு ஊரிலிருந்து வெட்டு ஆட்களைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். மூன்றாம் நாள் வெட்டினார்கள். ஆலை வாசலுக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் போனேன். சோதிக்கிறவர் கரும்பைப் பிளந்து பார்த்தார், சாற்றைக் கருவியில் விட்டுப் பார்த்தார், மறுபடியும் பிளந்தார். "அடிப்பாதி உள்ள போவட்டும், மேப்பாதி ஆவாது" என்றார். அங்கேயே ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, மேல்பாதியை வெட்டித் தள்ளினார்கள். பச்சையம்மா தாமும் குனிந்து வெட்டினார். தள்ளிய குவியல் உள்ளே போனதை விடச் சின்னதாகத் தெரியவில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அத்தனையும் உள்ளே போயிருக்கும். அந்தக் கணக்கைப் போட எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டியிருக்கவில்லை.

விழுப்புரத்துக்குத் திரும்பி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய சுற்றறிக்கையை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். "சொல்லக் கூடாதுன்னு எழுதினேன். ஏன்னு எழுதலியே. எழுதியிருந்தா நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க" என்றார். எனக்கு அதுவும் அறைதான். அறிக்கையில் என் பெயரையும் அவர் பெயரையும் போட்டார். ஏழுமலையின் பெயர் அதில் இல்லை. மயிலத்தில் மறுதாம்பு வைத்திருந்த மற்றவர்களுக்கும் அந்த வாரமே நாள் மாற்றிக் கொடுத்தோம். அவர்களுக்குக் கிணற்றில் தண்ணீர் இருந்ததால் தப்பித்தார்கள்.

அடுத்த வருடம் புரட்டாசியில் புது புரோகிராமை மயிலத்துக்கு நானே எடுத்துப் போனேன். எண்ணை ஏழுமலையே திரையில் பார்த்துப் படித்தான். சரியாக இருந்தது. பட்டியல் அடித்ததும் முதல் தாளில் பச்சையம்மாவைத் தேடினேன். இல்லை. இரண்டாவது தாள், மூன்றாவது தாள். கடைசித் தாள் வரை பார்த்துவிட்டு, புரோகிராமில் ஏதோ தப்பு என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

"தப்பு இல்லண்ணே. அவங்க கட்டையெல்லாம் தோண்டிட்டாங்க" என்றான்.

அவனுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றரைக் காணியிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பாதி பிடுங்கியாகிவிட்டது. வரப்போரம் அடுப்பு மூட்டிப் பானையில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாப்பா கம்பூட்டரு" என்றார். "இன்னா, தேதி குடுக்க வந்தியா?"

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்மா. இந்த வருஷம் முதல் வாரத்துலயே உங்களுக்கு நாள் வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பானையிலிருந்து இரண்டு கை அள்ளி, தண்ணீர் வடிய என் கைக்குட்டையில் போட்டார். "துன்னு. இத முத்திச்சா இல்லியான்னு நானே ஒரு செடிய புடுங்கிப் பாத்துக்குவேன். முத்தியிருந்தா அன்னிக்கே புடுங்கிடுவேன். எவனும் விழுப்புரத்துலேர்ந்து நாளு குறிச்சி அனுப்ப வேணாம்."

வரப்பில் உட்கார்ந்து அத்தனையையும் உரித்துத் தின்றேன். நன்றாக வெந்திருந்தது.